மேல்குழாயில் ஒரு காலுறை

அந்தக் குடும்பத்தில் முழுக் காதோடு செத்தவர்கள் குறைவு. தாத்தா தன் கூடப்பிறந்த தம்பியின் இடது காதைக் கடித்துத் துப்பியவர். காற்றில் அடித்துக்கொண்ட கதவை யார் எழுந்து சாத்துவது என்பதுதான் சண்டை. காது போன தம்பியின் மூத்த மகன், காத்திருந்து, தாத்தாவின் இளைய மருமகனை மாடிப்படியில் உருட்டிவிட்டான். உருண்டவர் காலை இழுத்து இழுத்து நடந்தே கடைசிவரை காலம் தள்ளினார். அப்பாவுக்கு இரும்புப் பட்டறையில் வேலை. வாய் பேசுவதற்கு முன் கை பேசும். அம்மாவின் முன்பல் இரண்டும் அவர் கையில்தான் போயின. தெரு அவருக்குச் சம்மட்டி என்று பெயர் வைத்தது. மகன் தலையெடுத்ததும் அவர் பெரிய சம்மட்டி ஆனார், இவன் சின்ன சம்மட்டி. பெரியவர் கண்ணை மூடிய பிறகு இவனே சம்மட்டி.

சம்மட்டிக்கு ரேடியேட்டர் வேலை. பழைய கார்களின் தண்ணீர்ப் பாதையைக் கழுவிச் சுத்தம் செய்வதில் கைராசிக்காரன். தகரக் கூரை போட்ட பட்டறை. தரையின் நடுவில் ஒரு சாக்கடைக் கால்வாய், வருஷக்கணக்காகத் துருத்தண்ணீர் ஓடி ஓடிக் காவி ஏறியது. சுவரில் வளைந்தும் நெளிந்தும் ரப்பர் ஹோஸ்கள் தொங்கும். ஜன்னலோரம் ஒரு மரமேசை, அதில் இறுக்கிப் பூட்டிய வைஸ், இரும்பைக் கவ்விப் பிடிக்கிறது. அதன் கைப்பிடி வில்லாய் வளைந்திருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள், "இரும்பு எப்படிப்பா இப்படி வளைஞ்சுது?" என்று. அவன் அடுத்த ஹோஸை எடுக்கப் போய்விடுவான்.

அது வளைந்த கதை இதுதான். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் பால்பல் விழாத வயசில் இருந்தபோது, சாவியை எங்கே வைத்தாய் என்று ஆரம்பித்த பேச்சில் அவளுடைய இடது மணிக்கட்டை முறுக்கி உடைத்தான். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் அழவில்லை. சாவியைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு வலது கையில் மகளைப் பிடித்துக்கொண்டு தன் ஆஸ்பத்திரிக்கே போய் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு, அண்ணன் வீட்டில் இறங்கிவிட்டாள்.

மறுநாளும் அவனுக்குச் சூடு ஆறவில்லை. அவளுடைய துணிமணி, செருப்பு, சீப்பு வரைக்கும் அள்ளித் தெருவில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். தெருவே நின்று பார்த்தது. தங்கையின் சாமான்களை எடுத்துப்போக வண்டியோடு வந்த அவள் அண்ணனும் கையைக் கட்டிக்கொண்டு, தீ அணைகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்றே ஒன்று தப்பியது. பட்டறைக்குப் பின்னால் கொடிக்கம்பியில் அவள் துவைத்துப் போட்டிருந்த வெள்ளை நைலான் காலுறைகள் ஒரு ஜோடி, ஆஸ்பத்திரி உடுப்போடு போடுவது. ஒன்றில் நூல் ஓடிப்போய், கறுப்பு நூலால் காயத்துக்குத் தையல் போடுகிற மாதிரி முடிச்சு முடிச்சாகத் தைத்திருந்தாள். அவன் தீப்பெட்டியோடு போனான். கொடியடியில் வெகுநேரம் நின்றான். பிறகு இரண்டையும் சுருட்டி, டூல் பெட்டியின் அடித்தட்டில், கேஸ்கெட் தாள்களுக்குக் கீழே வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு யார் மேலாவது கை ஓங்கத் தோன்றினால் ஓடிப்போய் வைஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். உடம்பு நடுங்கி அடங்குகிறவரைக்கும் விடமாட்டான். கைப்பிடி அப்படித்தான் வளைந்தது.

அந்த மகளுக்கு இப்போது கல்யாணம். தாய்வழித் தாத்தாவின் பழைய காரில்தான் கல்யாணத்துக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தாத்தா போனதிலிருந்து கார் கொட்டகையில் கிடந்தது. நீண்ட மூக்கும் உருண்டை விளக்கும் வைத்த வண்டி. ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைக்குழந்தையாக அவளைத் தூக்கிவந்ததே அதில்தான். மச்சான் அதை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தார், தங்கை சொல்லியனுப்பிய வார்த்தையோடு.

"கேட்டுக்க மாப்பிள்ளை. இதைச் சரிபண்ணு. கல்யாணம் வரைக்கும் எவன் மேலயும் கை வைக்காம இருந்தா, பொண்ணை உட்கார வச்சு நீயே ஓட்டிட்டு வரலாம். அவ அப்படித்தான் சொல்லச் சொன்னா. கை நீட்டினேன்னு காதுல விழுந்துச்சு, வாசல்ல கூட நிக்கப்படாது."

"சரி மச்சான்."

"எனக்கு இதுல இஷ்டமில்ல. சொல்லிட்டேன்."

"தெரியும் மச்சான்."

"நான் இங்கயேதான் உட்காந்திருப்பேன்."

சொன்னபடி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். சரக்குக் கிடங்கில் மேஸ்திரி; மூட்டை தூக்குகிறவர்களை அதட்டி அதட்டித் தொண்டை கரகரத்த மனிதர். தங்கையின் மணிக்கட்டு இன்றைக்கும் ஈரத்துணியை முறுக்கிப் பிழியாது. அதைத் தினமும் பார்க்கிறவருக்கு மாப்பிள்ளை தோற்றுப்போனால் சந்தோஷம்தான்.

"வண்டியைப் பார்த்தியா, அப்படியே உன்னை மாதிரி. வெளிய பளபளப்பு, உள்ள பூரா துரு."

"உங்கப்பா வண்டி மச்சான் அது."

மச்சான் முக்காலியை நிழலுக்கு இழுத்துக்கொண்டார்.

சம்மட்டி பானெட்டைத் தூக்கினான். மூடியைத் திறந்தால் தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் சேறு. அடியில் இருக்கிற குழாயைத் திறந்தான், சொட்டுக்கூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினான், மறுபடி குத்தினான். ஒரு குத்தில் அடைப்பு உடைந்து, செக்கச்செவேலென்று பீய்ச்சியடித்தது. சட்டை, முகம், கழுத்து எல்லாம் சிவப்பு.

"கழுத்தை அறுத்த மாதிரில்ல இருக்கு!" மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "உங்க குடும்பத்துக்குப் பழக்கமான கலர்தான். என்ன, கை அரிக்குதா?"

சம்மட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வைஸைத் தொட்டுவிட்டு வந்தான்.

ரேடியேட்டரைத் தலைகீழாகக் கழுவவேண்டும். அழுக்கு மேலிருந்து கீழே போய்த்தானே அடைக்கிறது; அது வந்த வழியிலேயே திருப்பித் துரத்த வேண்டும். கீழ்வாயில் ஹோஸை மாட்டித் தண்ணீரை முழு வேகத்தில் விட்டான். மேல்வாயிலிருந்து துருப்பொருக்கு கக்கிக் கக்கி வந்தது. இன்ஜின் பிளாக்கையும் அப்படியே. சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தான். செத்த நண்டு மாதிரி இறுகிக் கிடந்தது அது. சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, சூட்டோடு வடித்தான். செங்கல்லைக் கரைத்த நிறம். மறுபடி ஊற்றினான், மறுபடி வடித்தான். சாக்கடைக் கால்வாய் நிறைந்து வாசல் வரை சிவப்பாக ஓடியது. எதிர்க்கடை டயர்க்காரர் எட்டிப் பார்த்து, "யாரைப்பா போட்டே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தண்ணீர் தெளிந்துவிட்டது என்று அத்தோடு விட முடியாது. அத்தனை வருஷம் படிந்த துரு உள்ளே இளகி நிற்கும். வண்டி ஓட ஓட உதிர்ந்து வந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் திரும்பவும் அடைத்துக்கொள்ளும். அதற்குத்தான் இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் வருகிற மேல்குழாயில் ஒரு வடிகட்டி வைப்பது. இந்தத் தொழிலில் எல்லோரும் வைப்பது நைலான் காலுறைதான். வெந்நீரில் உருகாது, நூல் பிரியாது, பொடித்துருவைக்கூட விடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும். பட்டறையில் ஒரு கட்டே இருந்தது.

அவன் அந்தக் கட்டைத் தொடவில்லை. டூல் பெட்டியின் அடித்தட்டைத் திறந்து மனைவியின் ஜோடியை எடுத்தான். அவளுடைய அப்பாவின் வண்டி, அவளுடைய மகள் ஏறப்போகிற வண்டி. இதற்கு அவளுடையதுதான் என்று ஏனோ மனசுக்குப் பட்டது. நல்லதை வெட்டக் கை வரவில்லை. தையல் போட்டதை வெட்டினான். நுனியை உள்ளே தொங்கவிட்டு, விளிம்பை ரேடியேட்டர் கழுத்தின் மேல் மடித்து, ஹோஸை ஏற்றி, கிளிப்பை முடுக்கினான். கிளிப்புக்கு வெளியே ஒரு விரலளவு துணி நீட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் அதைக் கத்தியால் நறுக்கிவிடுவான். இன்றைக்குச் சரியாக அந்த இடத்தில் அவளுடைய கறுப்பு முடிச்சுகள் வந்து விழுந்திருந்தன. விட்டுவிட்டான்.

காலுறை போட்டு ஓட்டும்போது கண்ணை எடுக்கக் கூடாது. கொஞ்சம் ஓடியதும் நிறுத்தி, ஆறவிட்டு, கழற்றி அலசி மாட்டவேண்டும். விட்டால் துரு நிறைந்து அடைத்து, தண்ணீர் போக வழியில்லாமல் கொதித்துவிடும். முதல் தடவை கழற்றியபோது முழங்கை நீளத்துக்குச் சேறு தொங்கியது. அலசி மாட்டினான். அடுத்த தடவையும் பாதிக்கு மேல் நிறைந்தது. திரும்ப மாட்டி இன்ஜினை முடுக்கினான். மச்சான் டீ குடிக்கப் போயிருந்தவர் அப்போதுதான் பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தார். பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"இது என்னடா துணி?"

"வடிகட்டி மச்சான்."

"வடிகட்டியா? பொம்பளை காலுறை மாதிரில்ல இருக்கு?"

"காலுறைதான். இதுக்கு அதைத்தான் போடுவோம்."

"தைச்சிருக்கு. போட்டுக் கழட்டினது. எவளோடது?"

சம்மட்டி ஒரு நிமிஷம் பேசவில்லை. அந்த நிமிஷம்தான் கெடுத்தது.

"உங்க தங்கச்சியோடது."

"என் தங்கச்சி பேரை இழுக்காத! நீதான் நடுத்தெருவுல அவ சீப்பைக்கூட விடாம கொளுத்தினியே. நான் நின்னு பார்த்தேன்டா! இவ யாருடா, எவளை உள்ள வச்சிருக்கே? இந்த லட்சணத்துல பொண்ணை வேற ஏத்திட்டுப் போவியா?"

"மச்சான், வடிகட்டி..."

"நீதான்டா வடிகட்டின அயோக்கியன்!"

சுவரோரம் சாய்த்திருந்த வீல் ஸ்பேனர் மச்சான் கைக்கு வந்துவிட்டது. முதல் போடு தோள்பட்டையில் விழுந்தது. சம்மட்டி திரும்பினான். கை தானாக முஷ்டியானதை அவனே பார்த்தான். மூன்றெட்டில் போய் வைஸைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அடிக்கிறவனுக்கு முதுகைக் கொடுத்து நிற்பது அந்தப் பரம்பரையில் அவன்தான் முதல் ஆள்.

"திரும்புடா! ஆம்பளைன்னா திரும்பு!" விலாவில் விழுந்த போட்டில் எலும்பு ஒன்று விட்டது. உள்ளே மரக்கிளை ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். "என் தங்கச்சிக்கும் இப்படித்தானே வலிச்சிருக்கும்? திரும்பு!" அடுத்தது தொடையில். அவன் பல்லைக் கடித்ததில் நாக்கு நடுவில் மாட்டி வாய் உப்புக் கரித்தது. கைப்பிடி இன்னும் கொஞ்சம் வளைந்தது. மகளை முன்சீட்டில் உட்கார வைப்பதா பின்சீட்டிலா என்று நினைத்துக்கொண்டான். பின்சீட்டில்தான். கண்ணாடியில் முகம் தெரியும்.

இத்தனைக்கும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. காலுறை நிறைந்துவிட்டது. சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தாண்டி ஒட்டிக்கொண்டு நின்றது. மேல்குழாய் விரலால் அழுத்த முடியாதபடி விறைத்து, பட்டறை முழுக்க ரப்பர் வெந்த நாற்றம்.

மச்சானுக்கு மூச்சு வாங்கியது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "இருடா. இதைக் கழட்டி என் தங்கச்சி கையில குடுக்கறேன். இனிமே உன் மூஞ்சிலயே முழிக்கமாட்டா."

"தொடாதீங்க! மச்சான், கொதிக்குது, தொடாதீங்க!"

"ஏன், குட்டு உடைஞ்சிரும்னு பயமா?" மச்சான் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்க் கிளிப்பின் திருகைத் தளர்த்த ஆரம்பித்தார்.

சம்மட்டி வைஸை விட்டான்.

ஓடி வந்த வேகத்தில் ஓர் அடி. மச்சானின் தாடை பக்கவாட்டில் நகர்ந்து, ஆள் அப்படியே டயர் ஓரம் போய் விழுந்தார். அதே நொடியில் குழாய் கழன்று தெறித்தது. அவர் முகம் இருந்த இடத்தின் வழியாகச் சிவந்த கொதிநீர் கூரைத் தகரத்தில் போய் மோதியது. நீட்டிய கையை இழுக்க சம்மட்டிக்கு நேரமில்லை. முழங்கை முதல் விரல் வரை தோல் வெந்து சுருண்டது. அவன் கத்தியது டயர்க் கடை வரைக்கும் கேட்டு, டயர்க்காரர் வாசலுக்கு ஓடி வந்தார்.

அதோடு நின்றிருக்கலாம். கீழே கிடந்த மச்சான் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழப் பார்த்தார். சம்மட்டி குனிந்து, வெந்த அதே கையால், அவர் வாயில் இன்னொன்று போட்டான். பல் இரண்டு சாக்கடைக் கால்வாயில் விழுந்து துருத்தண்ணீரில் உருண்டன. அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தன் கை கண்ணில் பட்டது. தோல் கையுறை கழன்ற மாதிரி தொங்கியது. இன்ஜினை அணைத்துவிட்டு மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தான். "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

டயர்க்காரர்தான் மச்சானைத் தன் வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் திரும்பி வந்து, பட்டறையில் சுருண்டு உட்கார்ந்திருந்தவன் காதில் குனிந்தார்.

"தாடையைக் கம்பி போட்டுக் கட்டிட்டாங்க. பேச்சு இல்ல. தங்கச்சி கேட்டதுக்கு ஒத்தை விரலைக் காட்டினாரு, ஒரே அடின்னு. தண்ணி பீச்சினதையும் கையாலயே காட்டினாரு. ஆவி மூஞ்சியைத் தாண்டிப் போனதை அந்த ஆளு பார்த்திருக்காரு. கீழ கிடந்து வாங்கினேன்னு சொல்ல வெக்கமோ என்னமோ. நல்லாக் கேட்டுக்க. ஒண்ணு. அவ வந்துட்டு இருக்கா. ஒண்ணுன்னா காப்பாத்த அடிச்சதுன்னு விட்டுருவா. ஒண்ணுன்னு மட்டும் சொல்லு, வண்டி உன்னுது."

அவள் வந்தாள், ஆஸ்பத்திரி உடுப்போடு, பையோடு. பட்டறைக்குள் அவள் கால் வைத்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நலம் விசாரிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, "கையைக் காட்டு" என்றாள். வெந்த தோலைக் கத்தரித்து, மருந்து தடவி, துணியைச் சுற்றத் தொடங்கினாள். இடது கை வலுக்காமல் துணியின் நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். அவன் அந்த மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"அண்ணன் ஒரே அடிங்கறான்."

வாசலில் டயர்க்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"ரெண்டு" என்றான் சம்மட்டி. டயர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டு தன் கடைக்குப் போய்விட்டார்.

"ரெண்டாவது எதுக்கு?"

"ஸ்பேனரால என் முதுகை..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "இல்ல. கை நிக்கல."

அவள் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பக்கவாட்டுல தாடையில வாங்கின அடிக்கு முன்பல் போகாது. பார்த்ததுமே தெரியும். ஒண்ணுன்னு சொல்லியிருந்தா இந்தக் கட்டைப் பாதியில விட்டுட்டுப் போயிருப்பேன்."

முடிச்சுப் போட்டு எழுந்தவளின் கண் மேசையில் கிடந்த காலுறைக்குப் போனது. உள்ளே துரு நிறைந்து, அறுத்துப்போட்ட குடல் மாதிரி கிடந்தது. எடுத்து உதறினாள். கறுப்பு முடிச்சுகளைக் கட்டைவிரலால் தடவினாள், ஒன்றுகூடப் பிரியவில்லை.

"எல்லாத்தையும் எரிச்சேன்னாங்க."

"இது கொடியில இருந்துச்சு."

"ஜோடி?"

அவன் பெட்டியைக் காட்டினான். அவள் அடித்தட்டைத் திறந்து நல்ல காலுறையை எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அதைப் பையில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அவன் மடியில் விட்டெறிந்தாள்.

"இதையும் போட்டு அலசு. என் பொண்ணு நடுரோட்டுல நிக்கக் கூடாது."

"ஓட்டுறது..."

"அண்ணன் ஓட்டுவான்."

"தாடையைக் கட்டியிருக்கே."

"வண்டி ஓட்ட வாய் எதுக்கு?"

அவன் தலையை ஆட்டினான். வேறென்ன செய்வது. வாசல்வரை போனவள் திரும்பாமலே சொன்னாள்: "டயர்க்காரர் வேன்ல பின்னாடியே வா. தண்ணி கேனோட. வழியில கொதிச்சா பார்க்க ஆள் வேணும்ல. கொதிச்சா மட்டும் இறங்கு."

ஒற்றைக் கையால், உடைந்த விலாவோடு, அவன் கல்யாணம் வரைக்கும் அந்த வண்டியைக் கழுவினான். நல்ல காலுறையை வெட்டிப் போட்டான். நிறைந்தது, அலசினான், மாட்டினான். துரு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் காலுறை போட்டது போலவே வெள்ளையாக வெளியே வந்தது. அப்புறமும் ஒரு தடவை அலசினான்.

கல்யாணத்தன்று பழைய கார் முன்னால் போனது. ஓட்டுகிற இடத்தில் கம்பி கட்டிய வாயோடு மச்சான் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் அம்மாவும் மகளும். கொஞ்சம் தள்ளி டயர்க்காரர் வேனில் சம்மட்டி, மடியில் தண்ணி கேனோடு. வெயில் மண்டையைப் பிளந்தது. மேடு வந்தது, நெரிசல் வந்தது, வண்டி ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. இந்தச் சூட்டுக்கு எந்தப் பழைய வண்டியும் ஆவி கக்கும். அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பானெட் ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கொஞ்சம் ஆவி, ஒரு இழை போதும், இறங்கி ஓடலாம், பின்சீட்டு ஜன்னலோரம் போய் நிற்கலாம்.

"என்னடா, கொதிக்குதா?" என்றார் டயர்க்காரர்.

"இல்ல" என்றான் சம்மட்டி.

கொதிக்கவில்லை. மண்டப வாசல் வரைக்கும் கொதிக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தான்.